முகம் தெரியும் பக்கம்

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறி வாங்கப் போனால் மரக்கறியோடு மட்டும் வீடு திரும்ப முடியாது. யாராவது மறித்துக் கதைப்பார்கள். அண்மையில் என்னை மறித்தவள் தர்சினி. நான் செய்து பென்சன் எடுத்த அதே வேலையை இப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் செய்கிறவள். முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்ற என்னை ஓரமாக இழுத்துத் தங்கள் வார்டுப் புதினத்தைச் சொன்னாள். இனவெறிக்கு எதிராக அரை நாள் பயிற்சி வைத்தார்களாம். வெளியிலிருந்து ஒருவர் வந்து திரையில் படம் போட்டு விளக்கினாராம். லிஃப்டுக்குப் பக்கத்தில் பெரிய சுவரொட்டியும் ஒட்டியாயிற்றாம்.

"அது முடிஞ்ச கையோடை எங்கடை வார்டு வெள்ளைப் பிள்ளையள் என்னைச் சுத்தி நிண்டு கேக்கினம் அக்கா, தாங்கள் எங்கையிருந்து தொடங்க வேணுமெண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

"நீ ஏன் சொல்ல வேணும்? அதுவும் உன்ரை வேலையோ?" என்றேன்.

சிரித்தாள். ஆனால் விடவில்லை. இவ்வளவு காலம் இருந்தீர்களே, உங்கள் காலத்தில் ஒரு வெள்ளையரும் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டாள். ஒருவர் செய்தார் என்றேன். பிறகு என்ன நடந்தது என்றாள். கடைக்குள் நின்று சொல்லி முடிக்கிற கதையா அது? பில் போட வரிசையில் நின்றவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிய பிறகுதான் தெரிந்தது, இதை எழுத எனக்கு மனமே இல்லை என்று. ஆர்ஜொந்தெயில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் வந்த கவலை இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் தொடக்ககாலத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. அகதியாக இந்தப் பிரெஞ்சு நாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரையும் போல அலுவலகங்கள் கூட்டினேன், ஆஸ்பத்திரித் தரை துடைத்தேன். தரை துடைக்கும்போது கட்டிலில் கிடப்பவர்கள் தண்ணீர் கேட்பார்கள், தலையணையைச் சரிசெய்யக் கேட்பார்கள். அது என் வேலையில்லை, செய்யவும் கூடாது. செய்தேன், ஏச்சும் வாங்கினேன். பிறகு பரீட்சை எழுதிப் பயிற்சிப் பள்ளிக்கூடம் போய், வெள்ளைச் சட்டை போட்ட பராமரிப்பு உதவியாளராக வந்தேன். தாதிமாருக்கு அடுத்த படி. நோயாளியைக் கழுவுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் எங்கள் கை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். எல்லா இடத்திலும் நடந்ததுதான் அங்கும் நடந்தது.

காலைக் கழுவலை அங்கே துவாலெத் என்பார்கள். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் ஒரு மனிதர் தன் உடம்பை முழுதாக இன்னொருவர் கையில் விடுகிற நேரம் அது. தண்ணீரின் சூட்டை மணிக்கட்டின் உட்பக்கத்தில் பார்க்க வேண்டும். முகத்துக்குச் சவர்க்காரம் கூடாது. கழுவாத பகுதியைத் துவாயால் மூடியே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிரும், வெட்கமும் வரும். எழும்ப முடியாதவருக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நோயாளியைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வார், மற்றவர் பின்னால் நின்று முதுகைக் கழுவுவார். பிடிப்பவருடைய முகம் நோயாளிக்குத் தெரியும். கழுவுகிறவருடையது தெரியாது.

நான் சேர்ந்த வார்டில் நாங்கள் எப்போதும் பின்பக்கம்தான். நாங்கள் என்றால் குவாதலூப் தீவிலிருந்து வந்த கறுப்பினப் பெண் ஜொசெத், நான், இன்னும் ஆபிரிக்கப் பெண்கள் சிலர். யாரும் உத்தரவு போட்டதில்லை. கட்டிலுக்குக் கிட்டப் போகும்போதே வெள்ளைக்காரத் தோழி முகப்பக்கம் போய் நின்றுவிடுவாள். நாங்களும் நீர்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடுவோம். நோயாளி யாராவது வாய்விட்டு "இவள் வேண்டாம்" என்று சொன்னால் அதற்கும் ஒரு வழி இருந்தது. ஒருத்தி கதவால் தலையை நீட்டி, "ராணி, நீ ஒன்பதாம் அறையைப் பார்க்கிறாயா, இதை நான் முடிக்கிறேன்" என்பாள். ஏன் என்று அவளும் சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். நோயாளிக்கு அமைதி, வார்டுக்கும் அமைதி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் இதில் பெரிய பகிடி. எங்களை நோகடிக்கக் கூடாது என்றே அப்படிச் செய்தார்கள்.

ஒருமுறை தொலைக்காட்சியில் எதையோ பார்த்து எல்லாருக்கும் மனம் இளகிப்போனது. இளைப்பாறும் அறையில் கூட்டம் வைத்தார்கள். எங்களை நடுவில் இருத்தி, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்கள். ஜொசெத் தனக்கு நடந்ததில் ஒன்றைச் சொன்னாள். அழுதார்கள். ஜொசெத்தே எழுந்து போய் அவர்களுக்குக் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள். சுவரில் ஒரு வாசகம் ஒட்டினார்கள். அடுத்த நாள் காலை பழையபடி கதவால் ஒரு தலை நீண்டது. "ராணி, நீ ஒன்பதாம் அறையைப் பார்க்கிறாயா?" ஜொசெத் என்னைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்த வார்டுக்குத்தான் மதாம் பிரெவால் பொறுப்பாளராக வந்தார். உயரமான, ஒல்லியான பெண். சத்தம் போட மாட்டார். நோயாளியைத் தொட முன்னர் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்வார். எங்களை எல்லாரும் முதல்பெயரால், ஒருமையில் கூப்பிட்ட இடத்தில் அவர் மட்டும் மதாம் போட்டுக் குடும்பப் பெயர் சொன்னார். என் புருஷனின் பெயர் கனகரத்தினம். அதைக் கண்ட பிரெஞ்சுக்காரர் எவரும் மதாம் க என்று சொல்லி அங்கேயே நின்றுவிடுவார்கள். இவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டு முழுதாகப் பழகிக்கொண்டார். ஒருவர் ஒரே பிழைக்கு இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. முதல் மன்னிப்பு எனக்காக, இரண்டாவது உங்கள் மன ஆறுதலுக்காக என்று சொல்லுவார்.

வந்த புதிதில் அவர் ஒவ்வொரு காலையும் எங்களில் ஒருவரோடு கழுவல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஜொசெத்தின் முறை வந்த அன்று நான் பக்கத்து அறையில் நின்றேன். ஜொசெத் ஒரு கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தாமல் அப்படியே திருப்பினாள். ஏன் திருப்பினீர்கள் என்று மதாம் பிரெவால் கேட்டார். அந்த அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது என்றாள் ஜொசெத். இன்று சொன்னாரா என்று கேட்டார். இன்று சொல்லவில்லை, முன்பு ஒருக்கால் சொன்னார், பிறகு சொல்லத் தேவை வராமல் நானே திருப்பிவிடுகிறேன் என்றாள். மதாம் பிரெவால் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. அதுவரை அவரும் ஆள் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த நாள் அவர் வெள்ளைக்காரரை மட்டும் துணி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எங்களைக் கூப்பிடவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எங்களைப் பற்றி எங்களை வெளியில் விட்டுவிட்டா கதைப்பது என்று நான் வெடித்தேன். ஜொசெத் கதவில் காதை வைத்துவிட்டு, எங்களைப் பற்றி இல்லையடி, தங்களைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றாள்.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிறகு எலோடி சொன்னாள். எலோடி அப்போது புதிதாக வந்தவள். சின்னப் பெண், நல்ல மனசு, தொட்டதற்கெல்லாம் கண் கலங்கும். மதாம் பிரெவால் பேருரை ஒன்றும் செய்யவில்லையாம். இனி ஆள் மாற்றம் கிடையாது. நோயாளி அந்தப் பேச்சைப் பேசினால் அந்த இடத்தில் நிற்கும் வெள்ளைக்காரரே, அதே நேரத்தில், உதவியாளருக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அறையை விட்டுப் போகக் கூடாது, இரண்டாம் கையாக நின்று வேலை செய்ய வேண்டும். முகப்பக்கம் இனி ஜொசெத்தும் ராணியும் நிற்பார்கள். முதுகை நீங்கள் கழுவுங்கள். முடிந்த பிறகு அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்காதீர்கள், அவர்கள் நன்றி சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், இளைப்பாறும் அறையில் வந்து கதையாகச் சொல்லாதீர்கள். இவ்வளவுதான். சொல்ல வேண்டிய வாசகத்தையும் அவரே கொடுத்தார். பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "இங்கே யார் வருகிறாரோ அவரே பார்ப்பார். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தோலைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்ய உரிமை இல்லை."

முதல் கிழமைகள் கூத்துத்தான். சிலர் அந்த வாசகத்தைச் செபம் போல ஒப்புவித்தார்கள். சிலருக்கு வாய் வரவில்லை. ஒருத்தி சொல்லிவிட்டு அறையை விட்டு ஓடியே போனாள். ஒவ்வொரு முறையும் மதாம் பிரெவால், நாளைக்குத் திரும்பச் சொல்லுங்கள் என்பார். மெல்ல மெல்ல ஒரு மாற்றம் வந்தது. நோயாளிகள் மாறினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் மாறினேன். கதவைத் திறக்கும்போது உள்ளே இருப்பவர் என்ன சொல்லுவாரோ என்று எப்போதும் ஒரு பயம் இருக்கும். அது ஒருநாள் இல்லை. எவ்வளவு காலமாக அதைச் சுமந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மெத்ரோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

பிறகுதான் முசியே வெர்னே வந்தார்.

இடுப்பெலும்பு முறிந்து சத்திர சிகிச்சை முடிந்தவர். பூட்டுத் திருத்தும் கடை வைத்திருந்த கிழவர். காய்ச்சலும் சளியும் சேர்ந்துவிட்டன. நான் நீர்ச்சட்டியோடு முகப்பக்கம் போய் நின்றதும் அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, அந்தக் கையால் வேண்டாம் என்றார். எதிர்ப்பக்கம் மதாம் பிரெவால் நின்றார். வாசகத்தைச் சொன்னார். அப்படியென்றால் கழுவவே வேண்டாம் என்றார் கிழவர். சரி, திரும்பி வருவோம் என்றார் மதாம் பிரெவால். திரும்பியும் போனோம். அன்று முழுக்கப் போய்க்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர், ஒவ்வொரு முறையும் அவர் போர்வையை இழுப்பார். மருந்தை விழுங்கினார், நான் வைத்த சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டார். தொடக் கூடாது என்பதுதான் பிரச்சினை.

அடுத்த நாள் அறையில் வியர்வை நாற்றம் எழும்பிவிட்டது. காய்ச்சல் உடம்பு, நனைந்த விரிப்பு, அசைய முடியாத இடுப்பு. படுக்கைப் புண் வர அதிக நேரம் தேவையில்லை. வைத்தியர் முகத்தைச் சுளித்தார். மகள் வந்து, தந்தைக்கு வயதாகிவிட்டது, வேறொரு ஆளை அனுப்புவதில் உங்களுக்கு என்ன குறைந்துபோகும் என்று கேட்டாள். எனக்கும் அதே எண்ணம்தான். மதாம் பிரெவாலைத் துணி அறைக்குள் கூப்பிட்டு, கிழவர் வெல்லட்டும், பாவம், என்னால் அந்த முதுகை நினைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை, எலோடியை அனுப்புங்கள் என்றேன்.

"அவர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், மதாம் கனகரத்தினம். நானும்தான் நினைக்கிறேன்" என்றார். "அப்படியென்றால் வாருங்கள், திரும்பப் போவோம். இன்றிரவுக்குள் அவர் சம்மதிக்காவிட்டால், நாளை காலை நானே கழுவுவேன். தோற்றேன் என்று எல்லாருக்கும் தெரியட்டும். ஆனால் களவாகத் தோற்கமாட்டேன்."

அன்று பின்னேரம் கிழவருக்கு இருமல் முற்றி, கையிலிருந்த கிளாஸ் நெஞ்சில் கவிழ்ந்தது. நான்தான் பக்கத்தில் நின்றேன். துணியை நனைத்து உதட்டைத் துடைத்தேன். தள்ளவில்லை. கழுத்தைத் துடைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தார், தட்டிவிடப் போகிறார் என்று நினைத்தேன். பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, முகத்தைப் பார்க்காமல், "நாளைக் காலையில் வாருங்கள்" என்றார். கதவடியில் நின்ற மதாம் பிரெவாலுக்கும் கேட்டது. லிஃப்டுக்குப் போகும் வழியில், நாளைக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கூடச் சூடாக வையுங்கள், காய்ச்சலில் தோல் நோகும் என்றார். அந்த மனுஷி சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காதுமடல் சிவந்திருந்தது.

விடிந்ததும் ஒரு புது மனுஷியாக நீர்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் கிழவர் தலை வாரி, புதுச் சட்டை போட்டு, வெள்ளை விரிப்பில் நிமிர்ந்து இருக்கிறார். சவர்க்கார மணம். என்னைப் பார்த்ததும் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். பிறகு நிமிர்ந்து, மனம் வைத்தால் ஆள் கிடைக்கத்தானே செய்கிறது என்றார்.

எலோடிதான். தன் வேலை நேரம் தொடங்க முன்னமே வந்து, தன்னந்தனியாகக் கிழவரைக் கழுவி முடித்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை. முதல்நாள் பின்னேரம் நடந்தது அவளுக்குத் தெரியாது. கிழவரும் சொல்லவில்லை, ஏன் சொல்லுவார்? தனக்கு வசதியான கை தானாக வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள். நான் நீர்ச்சட்டியை அப்படியே கொண்டுபோய் ஊற்றினேன்.

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆள் இருந்தும் என் தந்தையை நாற விட்டார்கள், பொறுப்பாளர் தன் கொள்கைக்காக ஒரு நோயாளியைத் தண்டித்தார் என்று மேலிடத்துக்கு முறையிட்டாள். மதாம் பிரெவாலை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவும் துணி அறையில் ஆட்களைச் சேர்த்து, இது என் தனிப்பட்ட பிடிவாதம் இல்லை, வார்டின் முறை என்று என்னோடு வந்து சொல்லுவீர்களா என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்களாம். அந்த நாள் வந்தபோது ஒருத்திக்குப் பிள்ளைக்குச் சுகமில்லை, ஒருத்திக்கு ரயில் வரவில்லை, ஒருவருக்கு விடுப்பு. எலோடி இளைப்பாறும் அறையில் சுவரொட்டிக்குக் கீழே குனிந்தபடி இருந்தாள். எழும்பவில்லை. ஜொசெத்தும் நானும் போனோம். நீங்கள் சம்பந்தப்பட்ட ஆட்கள், வெளியில் இருங்கள் என்று கதவைச் சாத்தினார்கள்.

மதாம் பிரெவால் தனியே உள்ளே போனார், தனியே வெளியே வந்தார். மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் போய்விட்டனவா என்று எங்களைக் கேட்டார். அந்தக் கிழமையே அவரைக் கட்டில், மெத்தை, சக்கர நாற்காலி பார்க்கும் நிலவறை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். வார்டிலிருந்து தன் கோப்பையை மட்டும் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். வராதவர்கள் சேர்ந்து பூங்கொத்து அனுப்பினார்கள். கிழவரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஆள் மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கும். எங்கள் வார்டிலும் மெல்ல மெல்லக் கதவால் தலைகள் நீளத் தொடங்கின. கதவடியில் என் பழைய பயமும் திரும்பி வந்தது.

ஒரு சனிக்கிழமை லா சப்பல் மெத்ரோ வாசலில் எலோடி எனக்காகக் காத்து நின்றாள். கையில் சொக்கலேட் பெட்டி. அந்தச் சனநெரிசலில், சிம் அட்டை விற்கிறவர்களுக்கு நடுவில், முகம் வீங்க அழுதாள். அந்தக் கிழவர் உன்னைத் திரும்பவும் நோகடிப்பார், அதைத் தடுக்கத்தான் செய்தேன் என்றாள்.

எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று அவள் நிற்பதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது.

"எனக்கு நோவு பழகிப்போனது, எலோடி" என்றேன். "உன்னால்தான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உன் கண்ணுக்காகச் செய்துவிட்டு என் பெயரைச் சொல்லாதே."

சொக்கலேட்டை வாங்கவில்லை. அவளைத் தேற்றவும் இல்லை. கடைக்குள் போய்க் கருவேப்பிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதும் அவள் அங்கேதான் நின்றாள். அழுகை நின்றிருந்தது.

அதற்குப் பிறகு எலோடி செய்ததைப் புகழ்ந்து எழுத எனக்கு விருப்பமில்லை, புகழாமல் விடுவதுதான் மதாம் பிரெவாலின் முறை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். அடுத்த கிழமை ஒரு நோயாளி ஜொசெத்தைப் பார்த்து வாயைத் திறக்கும்போது, எலோடி தக்காளி போலச் சிவந்து, திக்கித் திக்கி அந்த வாசகத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு முதுகுப் பக்கம் போய் நின்றாள். மற்றவர்கள் அவளைக் குட்டிப் பிரெவால் என்று நக்கலடித்தார்கள். சில நாள் சொன்னாள். சில நாள் வாய் வராமல் நின்றாள், ஆனால் மறுநாள் சொன்னாள். என்னிடம் வந்து ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. நான் பென்சன் எடுக்கும்வரை அந்த வார்டில் அவள் ஒருத்திதான். அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

மதாம் பிரெவாலும் நானும் பென்சன் எடுத்த பிறகும் அவ்வப்போது லா சப்பலில் தேநீர் குடிப்போம். வடையை முள்ளுக்கரண்டியாலும் கத்தியாலும் வெட்டிச் சாப்பிடுவார். கடைக்காரத் தம்பி பார்த்துச் சிரிப்பான். ஒருநாள் மனதில் கிடந்ததைக் கேட்டேன். மற்றவர்களைப் போல இல்லாமல் நீங்கள் மட்டும் எப்படி இப்படி வந்தீர்கள் என்று.

"நானும் மற்றவர்களைப் போலத்தான்" என்றார். "நோயாளி சொல்வதற்கு முன்னமே அது என் தலைக்குள் கேட்கும். அதனால்தான் கெதியாகப் பதில் சொல்லப் பழகினேன்."

தன்னடக்கம் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, வடையில் ஒரு துண்டை வெட்டினார்.

பிறகு அவருக்கு ஞாபகம் போகத் தொடங்கியது. வீட்டில் வைத்துப் பார்க்கச் சொந்தக்காரர் யாரும் இல்லை. ஆர்ஜொந்தெயில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சென் லசார் நிலையத்தில் ரயில் ஏறிப் போனேன். தர்சினியைக் கண்டதற்குக் கொஞ்ச நாள் முந்தித்தான். சாளரத்தடியில் ஒரு சாய்கதிரையில் இருந்தார். ஒல்லியான உடம்பு இன்னும் ஒடுங்கியிருந்தது. மதியச் சூப் வந்தது. கொண்டு வந்த உதவியாளர் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண், மாடி முழுவதையும் ஓடி ஓடிப் பார்க்கிறவள். நான் ஊட்டட்டுமா என்று கேட்டேன். சந்தோஷமாகத் தந்தாள். பழக்க தோஷம், கையைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, முகப்பக்கம் போய்க் கதிரையில் இருந்தேன்.

மதாம் பிரெவால் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். தலையைப் பின்னால் இழுத்து, கதவடியில் நின்ற பெண்ணிடம் தெளிவாக, முன்பிருந்த அதே அமைதியான குரலில், "இவள் வேண்டாம்" என்றார்.

அந்தப் பெண் ஓடி வந்தாள். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் மதாம், அவருக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் அங்கே இருங்கள், நான் கொடுக்கிறேன் என்றாள். கண் கலங்கியிருந்தது. இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டாள். கரண்டி என் கையை விட்டுப் போனது. நான் எழுந்து அறைக்கு வெளியே இருந்த வாங்குப் பலகையில் போய் இருந்தேன். உள்ளே சூப் குடிக்கிற சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் எத்தனையோ பேர் சொன்ன சொல்தான், ஆனால் யார் சொன்னபோதும் இப்படி நெஞ்சு வெடித்ததில்லை. எனக்காக அந்த வாசகத்தைச் சொல்ல ஒருவர் இருந்தார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவரும் இல்லை.

ரயிலில்தான் அவர் வடை சாப்பிட்டபடி சொன்னது ஞாபகம் வந்தது. அது தன்னடக்கமே இல்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இவள் வேண்டாம் என்கிற அந்தக் குரல் அவருக்குள் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது. நான் நினைத்தது போல அவர் அது இல்லாமல் பிறந்தவர் இல்லை. ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு கதவடியிலும், அது வாய்க்கு வர முன்னர் முதலில் தனக்குப் பதில் சொல்லியிருக்கிறார். ஞாபகம் போனபோது பதில் போய்விட்டது, குரல் மட்டும் மிஞ்சிவிட்டது. அவர் மேல் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் பட்ட பாட்டை நினைக்கத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து எலோடிக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. எப்போது போகிறாய் என்று மட்டும் கேட்டாள்.

நேற்றுப் போனோம். அதே சாளரம், அதே சாய்கதிரை. எலோடிக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவளையும் மதாம் பிரெவாலுக்குத் தெரியவில்லை. சூப் வந்தது. நான் முகப்பக்கம் இருந்தேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு எலோடியிடம் திரும்பி, இவள் வேண்டாம் என்றார்.

எலோடி சிவந்துபோனாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு முகம் சிவக்கிறது. கதிரைக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, மரியாதை குறையாமல் சொன்னாள்.

"இங்கே யார் வருகிறாரோ அவரே பார்ப்பார், மதாம். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தோலைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்ய உரிமை இல்லை."

மதாம் பிரெவால் அவளைக் கூர்ந்து பார்த்தார். ஏதோ ஞாபகம் வருகிறது என்று நான் ஆசைப்பட்டேன். வரவில்லை. முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பி வாயை இறுக்கிக்கொண்டார். நான் கரண்டியை நீட்டியபடி இருந்தேன். வாய் திறக்கவில்லை. எலோடி எழும்பிப் போகவில்லை, ஒரு கதிரையை இழுத்து எனக்குப் பின்னால் போட்டு இருந்தாள். வெளியே மழை தூறியது.

சூப் ஆறிப்போனது. எலோடி கோப்பையை வாங்கிக்கொண்டு போய்ச் சூடாக்கிக் கொண்டு வந்தாள். கரண்டியைத் திரும்பவும் என் கையில் தந்தாள்.